ஒரு பேப்பரை பிளெண்டடாக மாற்றுவது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களுக்கு முழு வழிகாட்டி

பக்கத்துக் கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் செமஸ்டர் தொடங்கும் நேரத்தில் போன் செய்து, "மேடம், இந்த செமஸ்டர் பிளெண்டட் லேர்னிங் பண்ணியே ஆகணும்னு சர்க்குலர் வந்திருக்கு, எந்த ஆப் நல்லா இருக்கும்?" என்று கேட்டார். ஆப்பைக் கடைசியில் பார்க்கலாம் சார், உங்க பசங்க எத்தனை மணி பஸ்ஸுக்கு வீட்டுக்குப் போறாங்கன்னு முதல்ல கேளுங்க என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பிளெண்டட், அதாவது நேர் வகுப்பையும் ஆன்லைனையும் கலந்து பாடம் நடத்துவது பற்றி அவருக்கு அன்று போனில் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன். பி.காம் பிள்ளைகளுக்கு பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுப்பவள் நான், அதனால் உதாரணமெல்லாம் அதிலிருந்துதான் வரும். உங்கள் பாடம் வரலாறோ தாவரவியலோ, வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் பெயர்க் குழப்பம்

2020இல் கல்லூரி மூடியபோது நாமெல்லாம் கூகுள் மீட்டில் உட்கார்ந்து கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசினோமே, அதை வைத்து "ஆன்லைன் வகுப்பு தேறாது" என்று முடிவு கட்டியவர்கள் நம்மில் பாதிப் பேர். அதற்கு வேறு பெயர் உண்டு. அந்த வருஷம் மார்ச் மாதமே சார்ல்ஸ் ஹாட்ஜஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடன் சிலரும் சேர்ந்து, இது அவசரத்துக்குச் செய்யும் தொலைக் கற்பித்தல், மாதக்கணக்கில் திட்டமிட்டுச் செய்யும் ஆன்லைன் கல்வியோடு இதை ஒப்பிடாதீர்கள் என்று எழுதினார்கள். நாம் செய்தது அதுதான். மழைக்குக் கோணிப்பை போர்த்திக்கொண்டு போனதை வைத்துக் குடையைக் குறை சொல்லக் கூடாது.

பிளெண்டட் என்றால் ஒரே பாடத்தில் ஒரு பகுதி நேரில், ஒரு பகுதி ஆன்லைனில், இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நடப்பது. 2021 மே மாதம் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வெளியிட்ட கருத்துருவில் ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில், மீதி 60 நேரில் என்று கணக்குச் சொன்னார்கள். பிபிடியை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு வழக்கம்போல் போர்டில் பாடம் எடுப்பது இதில் சேராது, அது ஜெராக்ஸ் செலவை மிச்சப்படுத்துவது, அவ்வளவே.

இதற்குள் பல மாதிரிகள் இருக்கின்றன. ஃபிளிப்ட், அதாவது தலைகீழ் வகுப்பு: விளக்கத்தை வீட்டில் கேட்டுவிட்டு வந்து கணக்கை வகுப்பில் போடுவது. 2007 வாக்கில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு பள்ளி வேதியியல் ஆசிரியர்கள், விளையாட்டுப் போட்டிக்குப் போய் வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளுக்காகப் பாடத்தை ரெக்கார்டு செய்யத் தொடங்கியதில் பிரபலமானது. அடுத்து ரொட்டேஷன்: வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி கம்ப்யூட்டர் லேபில், மறு பாதி ஆசிரியரிடம், பிறகு மாறிக்கொள்வது. லேபில் இருக்கை குறைவாக உள்ள நம்மூர் அரசுக் கல்லூரிகளுக்கு இது மோசமில்லாத வழி. பெரும்பகுதி ஆன்லைனில் நடந்து, கட்டாயமாகச் சில நாள் மட்டும் நேரில் வருவது இன்னொரு வகை. ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டே எம்.காம் படிப்பவர்களுக்கு ஒத்துவரும். வெளியே யாரோ நடத்தும் பெரிய ஆன்லைன் பாடத்தை நம் பாடத்துக்குள் பொருத்திக்கொள்வதும் உண்டு, மத்திய அரசின் ஸ்வயம் தளம் அப்படித்தான். அதற்குத் தனியாக வருகிறேன்.

ஹைஃப்ளெக்ஸ் என்று ஒன்று உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரையன் பீட்டி 2006 வாக்கில் உருவாக்கியது. ஒவ்வொரு வகுப்புக்கும் நேரில் வருவதா, வீட்டிலிருந்து நேரலையில் சேருவதா, பிறகு பதிவைப் பார்ப்பதா என்று மாணவரே முடிவு செய்வார், எந்த வழியில் வந்தாலும் சமமான படிப்பு கிடைக்க வேண்டும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே ஆசிரியர், ஒரே மைக், எதிரில் 60 பேர், போனில் 10 பேர் என்று உட்கார்ந்து பாருங்கள், இரண்டு பக்கமும் கெடும். உதவிக்கு ஆளும் நல்ல ஒலி வசதியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து.

படி 1: பிள்ளைகளின் நாளைத் தெரிந்துகொள்வது

இதை கூகுள் ஃபார்மில் கேட்காதீர்கள். போன் இல்லாதவன் "என்னிடம் போன் இல்லை" என்று கூகுள் ஃபார்மில் எப்படி எழுதுவான்? அரைத்தாள் கொடுத்து வகுப்பிலேயே எழுதி வாங்குங்கள். நான் கேட்பவை: போன் உன்னுடையதா, வீட்டுக்கே ஒன்றா, ராத்திரி எத்தனை மணியிலிருந்து உன் கையில் இருக்கும்? வீட்டுக்குள் சிக்னல் வருமா, வெளியே நடந்து போக வேண்டுமா? தினம் எவ்வளவு டேட்டா ரீசார்ஜ்? எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வீடு சேருகிறாய்? வேலைக்குப் போகிறாயா, எந்த ஷிஃப்ட்?

முதல்முறை வாங்கியபோது எனக்கே தலை சுற்றியது. பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி வாயால் சொன்னாள், "ஒரே போன்தான் மேடம், அப்பாகிட்ட இருக்கும். அவரு தக்காளி லோடு இறக்கிட்டு வர பத்து மணி ஆகும், அதுக்கப்புறம் எங்க பார்க்கறது." அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கஷ்டம் வேறு மாதிரி. 2021இல் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு அரசு கொடுத்தது நினைவிருக்கும். நல்ல திட்டம்தான், ஆனால் மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு டேட்டா கிடைத்தது, டவர் கிடைக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிற பையன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கோ டேட்டா இருக்கிறது, தூக்கம் இல்லை.

இந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததை யோசிக்க வேண்டும். நேரலை வகுப்பு என்ற எண்ணமே எனக்கு இங்கேதான் போயிற்று. ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக ஆன்லைனில் வருவது நம் மாவட்டத்தில் நடக்காது; பதிவு செய்து வைத்தால் அவரவருக்குப் போன் கிடைக்கும் நேரத்தில் பார்க்கலாம்.

படி 2: சிலபஸைக் கூறு போடுவது

ஐந்து யூனிட்டையும் மாற்றக் கிளம்பாதீர்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். அதற்குள் எது தனியாக உட்கார்ந்து கேட்டாலே புரிந்துவிடும், எது பக்கத்தில் ஆள் இருந்தால்தான் ஓடும் என்று பென்சிலால் பிரியுங்கள். வரையறை, சூத்திரம், ஒரு மாதிரிக் கணக்கு, இவை வீட்டுக்குப் போகலாம். கணக்கில் தடுக்கி விழுவது, விடையைப் பார்த்து அர்த்தம் சொல்வது, அதை வைத்துச் சண்டை போடுவது, இதெல்லாம் வகுப்புக்கு. நாம் பல வருஷமாக நேர்மாறாகச் செய்கிறோம்: சுலபமானதை ஆசிரியர் எதிரில் இருக்கும்போது சொல்லிவிட்டு, கஷ்டமானதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துத் தனியாகத் தவிக்க விடுகிறோம்.

என் யூனிட்டில் சராசரி, இடைநிலை, முகடு வரும், அதாவது பசங்க வாயில் மீன், மீடியன், மோட். மூன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது வீடியோவில். வகுப்புக்கு வந்ததும் போர்டில் ஏழு எண் எழுதுவேன். ஒரு வாரம் தக்காளி ஒரு கிரேட் (பெட்டி) 300, 280, 320, 310, 290, 300, கடைசி நாள் மட்டும் 900 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் கிட்டத்தட்ட 386, மீடியன் 300. "இந்த வாரம் என்ன ரேட்டுப்பான்னு உங்க அப்பா கேட்டா எதைச் சொல்லுவே?" என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் வகுப்பு தானாக ஓடும். 386க்கு ஒரு நாள்கூட விற்கவில்லையே என்று ஒருவன் எழுந்திருப்பான். இந்தச் சத்தம் வீடியோவில் வராது. அதற்காகத்தான் விளக்கத்தை வீட்டுக்கு அனுப்பினோம்.

படி 3: மாதிரியைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் இதற்கு நேரம். படி 1இன் தாள்களும் படி 2இன் பென்சில் கோடும் சேர்ந்தே பதிலைச் சொல்லிவிடும். இளங்கலை, தினம் வகுப்புக்கு வருகிறவர்கள், பெரும்பாலானவர்களுக்கு ராத்திரியாவது போன் கிடைக்கிறது என்றால் ஃபிளிப்ட். பாதிக்கு மேல் போன் இல்லை ஆனால் லேப் இருக்கிறது என்றால் ரொட்டேஷன். வேலைக்குப் போகும் முதுகலை மாணவர்கள் என்றால் பெரும்பகுதி ஆன்லைன், குறிப்பிட்ட நாள்களில் நேரில். கல்லூரியில் ஷிஃப்ட் 1 வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று, ஷிஃப்ட் 2 பிள்ளைகளுக்கு வேறொன்று பொருந்தினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

படி 4: பாடத்தைத் தயாரிப்பது

இங்கேதான் நான் நன்றாக அடிபட்டேன். முதல் வருஷம் 50 நிமிஷ வகுப்பை அப்படியே 50 நிமிஷ வீடியோவாக எடுத்துப் போட்டேன். யாரும் முழுதாகப் பார்க்கவில்லை, பார்த்த சிலரும் இரட்டை வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள், என் குரல் அதில் எலி மாதிரி இருந்ததாம். பிறகுதான் 2014இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசி, ஆறு நிமிஷத்துக்கு மேல் போனால் பார்ப்பவர்கள் கழன்றுகொள்கிறார்கள் என்று ஃபிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் எழுதியிருந்தார்கள். ஸ்டுடியோ பளபளப்பைவிட மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும் வீடியோ நன்றாக எடுபடுகிறது என்பதும் அதில் இருந்தது, எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஆக ஒரு வீடியோவுக்கு ஒரே விஷயம், ஆறு நிமிஷம். போனை இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவில் பாலம்போல், கேமரா கீழே பார்க்கும்படி வைத்து, கீழே வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக்கொண்டே பேசுங்கள், முகம் தெரிய வேண்டியதில்லை. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அந்தச் சத்தம்தான் பெரிய எதிரி. தரத்தை 360பியில் வைத்தால் டேட்டா குறையும். அதே பாடத்தை ஆடியோவாகவும் எடுத்துவையுங்கள். ஆறு நிமிஷ ஆடியோ சுமார் 3 எம்பிதான், சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் இறங்கிவிடும், பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள். அதோடு அரைப்பக்க எழுத்துக் குறிப்பு, போனே இல்லாதவர்களுக்கு அதன் ஜெராக்ஸ். கல்லூரிக்குள்ளேயே ப்ளூடூத்தில் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ளச் சொன்னால் டேட்டா செலவே இல்லை.

மொழி விஷயம் ஒன்று. பரீட்சை ஆங்கிலத்தில் என்பதற்காக வீடியோவையும் ஆங்கிலத்தில் பேசினால் வகுப்பில் வாய் திறக்கும் இரண்டு பேரும் மூடிக்கொள்வார்கள். விளக்கம் தமிழில், கலைச்சொல் ஆங்கிலத்தில், அதைத் தாளில் எழுதியும் காட்ட வேண்டும். ஓசூர், தளி பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் அதிகம், அங்கே இன்னும் நிதானமாகப் பேசுவது நல்லது.

எல்லாவற்றையும் நீங்களே தயாரிக்கவும் வேண்டாம். என்பிடெல் என்ற இலவச வீடியோ பாடத் தளம் 2003இலிருந்து ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, நிறைய பாடங்களின் உரை தமிழிலும் கிடைக்கிறது. நல்ல விளக்கம் ஏற்கெனவே இருந்தால் அதில் எந்த நிமிஷத்திலிருந்து எந்த நிமிஷம் வரை பார்க்க வேண்டும் என்று குறித்துக் கொடுங்கள். "இந்த பிளேலிஸ்ட்டைப் பாருங்க" என்று லிங்க் அனுப்புவதில் எந்தப் பயனும் இல்லை.

படி 5: எங்கே வைப்பது

நண்பர் கேட்ட ஆப் கேள்வி இப்போது. மூடுல் என்ற இலவச மென்பொருள் 2002இலிருந்து இருக்கிறது, கல்லூரியில் சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் கூகுள் கிளாஸ்ரூம் போதும். வாட்ஸ்அப் குரூப் தவிர்க்க முடியாதது, ஆனால் அதை அறிவிப்புப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை அதில் போட்டால் பிறந்தநாள் வாழ்த்துக்கும் குட்மார்னிங்குக்கும் அடியில் புதைந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் பாடமே ஏற்ற வேண்டாம். கில்லி சால்மன் என்ற பிரிட்டிஷ் கல்வியாளர் ஆன்லைன் கற்றலுக்கு ஐந்து படிநிலை சொல்கிறார், அதில் முதலிரண்டும் உள்ளே நுழையப் பழகுவதும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகுவதும்தான், பாடமெல்லாம் அப்புறம். பாஸ்வேர்டு மறந்தால் என்ன செய்வது, போட்டோ எடுத்த விடைத்தாளை எப்படி ஏற்றுவது என்று வகுப்பிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை, அங்கே என்ன வாங்குவாய் என்று குரூப்பில் ஒரு கேள்வி போடுங்கள், பேசாத பிள்ளைகளும் பதில் போடுவார்கள்.

படி 6: ஒரு வாரம் எப்படி ஓடும்

வெள்ளிக்கிழமை மாலை இரண்டு சின்ன வீடியோவும் ஐந்து கேள்வியும் ஏறிவிடும். சனி, ஞாயிறு அவர்கள் நேரம். திங்கள் காலை வகுப்புக்குப் போகும் முன் பதில்களைப் பார்த்துவிட வேண்டும், இதை விட்டால் மொத்தமும் வீண், ஏனென்றால் எந்தக் கேள்வியில் பாதிப் பேர் தடுமாறியிருக்கிறார்களோ அங்கிருந்துதான் திங்கள் வகுப்பு தொடங்குகிறது. போன் இல்லாதவர்கள் அதே ஐந்து கேள்வியைத் தாளில் எழுதிக் கொண்டுவருவார்கள்.

அந்த ஐந்து கேள்விக்கு மார்க்கைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிப்பதற்கும் வாராவாரம் எழுதிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வகுப்பில் ஒரே ஒரு கட்டுப்பாடு: வீடியோவில் சொன்னதைத் திரும்பச் சொல்லாதீர்கள். பார்க்காமல் வந்தவர்கள் பாவமாகப் பார்ப்பார்கள், மனசு இளகும், "சரி, சுருக்கமா சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் ஒருவரும் பார்க்க மாட்டார்கள், மேடம் எப்படியும் சொல்லிடுவாங்க என்று தெரிந்துவிடும். பார்க்காதவர்களைக் கடைசி பெஞ்சில் அமர்த்தி முதல் பத்து நிமிஷம் குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு குழுவில் சேர்த்துவிடுங்கள். நாலு பேர் குழு, ஒரு குழுவுக்கு ஒரு தாள். நீங்கள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கால் வலிக்கும், பழகிவிடும்.

படி 7: மார்க்

வீட்டிலிருந்து வரும் எதற்கும் அதிக மார்க் வைக்காதீர்கள். ஒருவன் போட்ட விடையை இருபது பேர் போட்டோ எடுப்பது சகஜம், இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. அந்த ஐந்து கேள்விக்குச் சரியோ தப்போ, எழுதினாயா என்பதற்கு மட்டும் இன்டர்னலில் சிறு பங்கு கொடுக்கலாம். மீதியை வகுப்பில் கண்ணெதிரே செய்வதற்கு வையுங்கள். அவரவர் ஊரிலிருந்து ஒரு வாரத்து விலை விவரம் எடுத்துவந்து கணக்குப் போடச் சொன்னால் காப்பி அடிப்பது தானாகக் குறைகிறது; பென்னாகரம் புளி விலையைக் கிருஷ்ணகிரி மாங்காய் கணக்கில் எழுத முடியாதே.

படி 8: ஸ்வயம் பாடத்தைச் சேர்ப்பது

2017இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடம் படிக்கக் காசு இல்லை, பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம். யுஜிசி 2016இல் ஒரு படிப்பின் 20 சதவீதம் வரை இப்படிக் கிரெடிட் எடுக்கலாம் என்றது, 2021 விதிமுறையில் அது 40 ஆனது. என்பிடெல் பாடங்களில் 4 வாரம் என்றால் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3. வாராந்திர அசைன்மென்டுக்கு 25 மார்க், நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. தேற வேண்டுமானால் அசைன்மென்டில் 10, பரீட்சையில் 30 தனித்தனியாக எடுக்க வேண்டும். பரீட்சைக் கட்டணம் 1000 ரூபாய் என்ற அளவில் இருந்துவருகிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் பணம் மாதம் 1000 வாங்கும் பிள்ளைகள் ஒரு மாதப் பணத்தை இதற்கு எடுத்துவைக்கலாம் என்று நான் சொல்வதுண்டு, எல்லா வீட்டிலும் அது முடியாது என்பதும் தெரியும். விண்ணப்பிக்கும்போதே தேர்வு மையம் எந்த ஊரில் கிடைக்கிறது என்று பாருங்கள், சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டிவந்தால் பஸ் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேரச் சொல்லிவிட்டுக் கைவிடுவதுதான் இங்கே பெரிய தப்பு. வாரம் ஒரு மணி நேரம் லேபில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து அந்த வார அசைன்மென்டை முடிக்கச் செய்தால்தான் 12ஆம் வாரம் வரை வருவார்கள். ஸ்வயம் பாடமும் அப்போது பிளெண்டட் ஆகிவிடுகிறது. சேரும் முன்பே, இந்தப் பாடத்துக்கான கிரெடிட்டைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பி எழுதிவிட்டுப் பிறகு சர்டிஃபிகேட்டைச் சுவரில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாணவர்களின் ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்கும் முன்கூட்டியே தொடங்கியிருக்க வேண்டும், கிரெடிட் சேருகிற இடம் அது.

படி 9: அனுமதியும் காகிதமும்

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் வைத்து, கல்விக் குழுவில் ஒப்புதல் வாங்கலாம். இணைவுக் கல்லூரி என்றால் சிலபஸும் வகுப்பு நேரமும் நம் கையில் இல்லை. பெரியார் பல்கலைக்கழகம் சொல்வதுதான். ஆனாலும் ஃபிளிப்ட் செய்ய யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை, ஏனென்றால் வகுப்பு நேரம் குறையவே இல்லை, அதில் செய்யும் வேலைதான் மாறியிருக்கிறது. துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வராந்தாவில் போகிறவர்களுக்குச் சத்தம் கேட்கும், வகுப்பு நடக்கவில்லை என்று நினைப்பார்கள்.

மாணவர்கள் அடிக்கடி கேட்பதற்கு ஓர் இடைச்செருகல்: முழுக்க ஆன்லைனிலேயே டிகிரி வாங்கலாமா மேடம்? வாங்கலாம், யுஜிசி அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தின் டிகிரி, நேரில் படித்ததற்குச் சமம். பணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, அந்தப் படிப்பும், அந்த வருஷத்துக்கு, யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினீயரிங், நர்சிங், சட்டம் போன்றவற்றை ஆன்லைனில் தருகிறோம் என்று யாராவது பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்தால் கிழித்துப் போட்டுவிடலாம். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு ஆன்லைன்தான், ஆனால் அதற்கும் பரீட்சையை மையத்துக்குப் போய் நேரில்தான் எழுத வேண்டும்.

படி 10: செமஸ்டர் முடிந்தபின்

இத்தனை பாடுபட்டுப் பலன் உண்டா என்று கேட்பீர்கள். அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், நேரில் மட்டும் படித்தவர்களைவிடப் பிளெண்டடில் படித்தவர்கள் சற்று முன்னே இருந்தார்கள். அதை எழுதியவர்களே, பிளெண்டடில் படித்தவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருக்கின்றன, அதனாலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: ஆன்லைன் கொடுக்கும் லாபம், மிச்சமாகும் வகுப்பு நேரம். அந்த நேரத்தை நாம் வீணாக்கினால் வீடியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒன்றும் நடக்காது.

அதனால் செமஸ்டர் கடைசியில் மறுபடி ஓர் அரைத்தாள் கொடுங்கள். எந்த வீடியோவை இரண்டாம் முறை பார்த்தாய், எதைப் பாதியில் நிறுத்தினாய், வகுப்பில் எந்த நாள் புரிந்தது? மூன்று கேள்வி போதும். போன முறை என் பிள்ளைகள் ஸ்டாண்டர்டு டீவியேஷன் வீடியோவைத்தான் அதிகம் நிறுத்தியிருந்தார்கள். காரணம் கேட்டால், கணக்கு புரிந்ததாம், பின்னால் எங்கள் வீட்டு ஆடு கத்துவதில் சிரிப்பு வந்துவிட்டதாம். ஜூனுக்கு முன் அதை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும், ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்ட பிறகு.